குறைக்காத ஒரு செலவு

செமோர்
3 மார்ச் 2025

கெர்ட்ரூட்டுக்கு,

மூன்று வாரமாகப் போன் அடிக்கிறேன், நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கும் நீலக் குறி விழவில்லை. அறுபத்திரண்டு வயதில் தங்கச்சிக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது போல. பமேலாதான் உன் தைப்பிங் முகவரியைத் தேடிக் கொடுத்தாள். "சண்டைய கடுதாசில போடாதீங்கலா, அப்புறம் இல்லன்னு சொல்ல முடியாது" என்று எச்சரித்துத்தான் கொடுத்தாள். பெண்டாட்டி பேச்சை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்?

இத்துடன் வங்கிக் கடனுக்கான விண்ணப்பப் பாரம் இருக்கிறது. பென்சிலால் குறி போட்ட இடத்தில் ஒரே ஒரு கையெழுத்து. கம்பெனி தோட்டத்தை விற்றபோது, அங்கே வேலை செய்த அப்பாவுக்குக் கொடுத்த இந்த வீடு நம் இருவர் பெயரிலும் இருக்கிறது. நீ கையெழுத்துப் போடாமல் வீட்டின் பேரில் கடன் கிடைக்காது.

எதற்குக் கடன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன், பொறுமையாக. எண்ணெய் எடுக்கும் செம்பனையில் வெட்டிய குலை விழும்போது சிதறும் உதிரிக் கொட்டைகளை, குனியாமல் உருட்டிக்கொண்டே பொறுக்கும் மெஷின் ஒன்றை நான் செய்திருக்கிறேன். போன வருஷம் ஜூன் முப்பதாம் தேதி, கோயில் திருவிழாவில் அதை எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டினேன். நீ வரவில்லை. ஊரறியக் காட்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டாக வேண்டும், தவறினால் உரிமை போச்சு என்று ஈப்போ ஏஜென்ட் சொல்கிறார். அன்றைக்குப் பெரிய காரில் வந்த ஒரு ஆள் மெஷினை நாலு பக்கமும் படம் பிடித்துக்கொண்டு போனான். அவன் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஏஜென்ட் கேட்பது நாற்பத்தெட்டாயிரம் ரிங்கிட். பதினொரு நாட்டுக்கும் சேர்த்து. முப்பத்தைந்து வருஷம் ஊரார் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் வெல்டிங் அடித்தேன், எனக்கென்று செய்தது இது ஒன்றுதான். அதையும் உன் ஒரு கையெழுத்து தடுத்துக்கொண்டு நிற்கிறது.

பெரியநாயகம்


தைப்பிங்
9 மார்ச் 2025

அண்ணன் பெரியநாயகம் அவர்களுக்கு,

தங்களின் மார்ச் 3 தேதியிட்ட கடிதம் கிடைத்தது.

போனை நான் வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. போனில் பேசினால் நம் இருவருக்குமே வாய் நீளும். கடிதமென்றால் தபால் தலை ஒட்டும் வரையாவது யோசிக்கலாம். கடைசியாகப் பேசியபோது தாங்கள் சொன்னதை மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. "ஆயுசு பூரா அடுத்தவன் பேப்பருக்கு சாப்பா அடிச்ச கை உனக்கு. ஒரு பொருளைச் செய்யற கஷ்டம் என்னா தெரியும்?" என்றீர்கள். முப்பத்து நான்கு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் முத்திரை குத்திய கைதான். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

பாரத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பாரத்தோடு நீங்கள் வைத்திருந்த ஏஜென்டின் பட்டியலை இரண்டு முறை படித்தேன். அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், கேட்டால் தருவது அவர் தொழில். ஆனால் அண்ணே, அதில் நார்வேயும் கனடாவும் இருக்கின்றன. அங்கே பனி பெய்யும், செம்பனை முளைக்காது. முளைக்காத ஊரில் உங்கள் மெஷினை யார் திருடப் போகிறார்கள்? இது நீங்கள் கேட்டதா, அவர் சேர்த்ததா?

இன்னொன்று. இந்த நாட்டில் குடியிருப்பவர் தன் விண்ணப்பத்தைத் தானே போடலாம். ஏஜென்ட் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. காப்புரிமை அலுவலகத்துக்கே போன் செய்து கேட்டேன். அங்கிருந்த பெண் நல்ல பிள்ளை, பொறுமையாகச் சொன்னாள். வெறும் மலேசியாவுக்கு, நாமே எழுதிப் போட்டால், விண்ணப்பக் கட்டணம் சில நூறு ரிங்கிட்டுக்குள் முடியும். பரிசோதனைக் கட்டணத்தைப் பிறகு கட்டலாம், அதுவும் வீட்டை அடகு வைக்கிற தொகையில்லை.

மெஷினின் படத்தையும், அதில் எதெல்லாம் உங்கள் கண்டுபிடிப்பு என்பதையும் எழுதி அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கெர்ட்ரூட்


செமோர்
17 மார்ச் 2025

கெர்ட்ரூட்,

'தாங்கள்' என்று ஆரம்பித்துப் பாதியில் 'அண்ணே' என்று வழுக்கிவிட்டாய். பமேலா படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினொரு நாடு கேட்டது நான்தான். "எத்தன நாட்டுக்கு வேணும் அங்கிள்?" என்றார் ஏஜென்ட். குறைத்துச் சொன்னால் வக்கில்லாதவன் என்று நினைப்பாரே என்று உலகம் முழுக்க என்றேன். அவர்தான் பெரிய மனது வைத்துப் பதினொன்றில் நிறுத்தினார்.

சில நூறு ரிங்கிட் என்கிறாய். விலை குறைந்தால் வேலையும் அப்படித்தானே இருக்கும்? வெல்டிங் குச்சியிலேயே நான் அதைப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் நீ கேட்டதால் அனுப்புகிறேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதியது. இது என் கண்டுபிடிப்பு என்று உரிமை கேட்கும் கோரிக்கை, மொத்தம் முப்பத்தொன்று. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒரு பாவத்தை மறைத்தால் மற்ற எதற்கும் மன்னிப்பில்லை என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தார்களே, அந்தப் பயத்திலேயே எல்லாவற்றையும் எழுதினேன். கம்பிக் கூண்டு, அச்சு, சைக்கிள் கைப்பிடி, பச்சைப் பெயிண்ட், கைப்பிடியில் தொங்கும் ஜெபமாலை வரைக்கும். எதையும் விடக்கூடாது பார்.

மெஷின் இப்போது காளியம்மாவிடம் இருக்கிறது. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், முன்பு நம் ரப்பர் பால்மரக் காடாக இருந்ததே, அங்கே கான்ட்ராக்டில் கொட்டை பொறுக்குகிறவள். "அண்ணே, ராவுல இடுப்பு வலிக்காம தூங்குறேன்லா. இலை, சருகு ஒண்ணும் மாட்ட மாட்டேங்குது" என்றாள். இதைக் கேட்ட பிறகும் மெஷினை எவனோ படம் பிடித்துத் தன் பெயரில் விற்கட்டும் என்று விட முடியுமா? நாள் போய்க்கொண்டே இருக்கிறது.

பெரியநாயகம்


தைப்பிங்
2 ஏப்ரல் 2025

அண்ணே,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நல்ல சேதியும் இருக்கிறது, கெட்ட சேதியும் இருக்கிறது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் போய்விட்டது. வெளியே மழை, தைப்பிங்கில் வேறென்ன இருக்கும், அதையே சாக்குச் சொல்லி வீட்டிலேயே கிடந்தேன்.

முதலில் சின்ன விஷயம். பத்துக் கோரிக்கைக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். ஜெபமாலைக்கும் சேர்த்துத்தான். மாதாவுக்கே காப்புரிமை வாங்கப் பார்த்திருக்கிறீர்கள், பங்குச் சாமியார் கேட்டால் என்ன சொல்வார்?

அடுத்தது கெட்ட சேதி. ஏற்கெனவே உலகத்தில் இருக்கும் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. காசு கட்டுவதற்கு முன்னால் தேடிப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பழைய காப்புரிமைகளை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். ஏழு நாள் நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். உருளும் கம்பிக் கூண்டு இருக்கிறது அண்ணே. நமக்கு முன்னாலேயே, வேறு தேசங்களில், மரத்தடியில் விழும் பருப்புக் கொட்டைகளைப் பொறுக்கச் செய்திருக்கிறார்கள். கைப்பிடி, அச்சு, தட்டு எல்லாமே அதில் இருக்கின்றன. உங்கள் முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். பெயிண்ட் மட்டும்தான் மிஞ்சியது.

நாற்பத்தெட்டாயிரம் கட்டிய பிறகு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். எனக்கு இரவெல்லாம் அதே நினைப்பு.

நல்ல சேதி இதுதான். பெரிய காப்புரிமை இல்லாமல், சின்னக் கண்டுபிடிப்புகளுக்கென்றே ஒரு சான்றிதழ் உண்டு. கட்டணமும் குறைவு, பெரிய புத்திசாலித்தனம் வேண்டுமென்று கேட்க மாட்டார்கள், புதிதாக இருந்தால் போதும். ஆனால் அதில் ஒரே ஒரு கோரிக்கைதான் எழுதலாம். முப்பத்தொன்று அல்ல, ஒன்று. யார் உண்மையில் கண்டுபிடித்தாரோ அவர் பெயரைத்தான் எழுத வேண்டும்.

அந்த ஒன்று எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. நான் படித்த பழைய கூண்டுகளில் எல்லாரும் சொன்ன ஒரே குறை, கம்பிக்கு நடுவில் இலையும் சருகும் சிக்கிக்கொள்வது. காளியம்மா உங்களிடம் ஒன்றும் மாட்டவில்லை என்றாளே, அது எப்படி? முப்பத்தொன்றில் எங்கேயும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை ஏன் எழுதவில்லை?

கோபப்படாமல் பதில் எழுதுங்கள்.

கெர்ட்ரூட்


செமோர்
21 ஏப்ரல் 2025

தங்கச்சி,

உன் கடிதம் வந்த அன்று மெஷினைக் காளியம்மாவிடமிருந்து வாங்கி வந்து கோழிக் கூட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை பாடுகளின் வழிபாட்டில் உட்கார்ந்திருந்தபோதுகூட, அந்தப் பருப்புக் கொட்டைக் கூண்டுதான் மனதில் உருண்டது. அவன் யாரோ, என் முகத்தைப் பார்க்காமலேயே என் வேலையைச் செய்து முடித்துவிட்டான்.

நேற்று உயிர்ப்புத் திருநாள் பூசை முடிந்ததும் பமேலா கேட்டாள், "ட்ரூடி ஒரு கேள்வி கேட்டிருக்காளே, அதுக்கு ஏன் பதில் எழுதல?" அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் அன்றைக்கு அங்கேதான் நின்றாள்.

எழுதிவிடுகிறேன். இது பாவசங்கீர்த்தனம் என்றே வைத்துக்கொள். முப்பத்தொன்றை எழுதியபோது நான் ஒன்றை மறைத்தேன்.

2023-இல் கல்லறைத் திருநாளுக்கு பத்து காஜா ஊருக்குப் போய் அம்மா அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தோமே, நினைவிருக்கிறதா? அப்போது மெஷின் பாதிதான் ஆகியிருந்தது. ஓட்டிக் காட்டினேன். பத்தடி போவதற்குள் கூண்டு முழுக்கச் சருகு. நான் உள்ளே கையை விட்டுப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். நீ டீ குடித்துக்கொண்டே சொன்னாய்: "ஐயோ அண்ணே, அடியில இருந்து இழுத்தா இன்னும் சிக்காகும்லா. முடியில சிக்கு எடுக்கற மாதிரி நுனியில இருந்து எடுக்கணும். கொஞ்சம் நுனி, அப்புறம் கொஞ்சம் உள்ள, கடைசியிலதான் அடி." சொல்லிவிட்டுச் சீப்பால் உன் கூந்தலிலேயே செய்து காட்டினாய். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாய்.

மறுநாளே சைக்கிள் ஸ்போக்ஸை வெட்டிக் கூண்டுக்குப் பின்னால் ஒரு சீப்பு வெல்டிங் அடித்தேன். முதல் பல் குட்டை, அடுத்தது கொஞ்சம் நீளம், கடைசிப் பல் நல்ல நீளம். கூண்டு சுற்றும்போது முதலில் இலையின் நுனியைப் பிடிக்கும், அப்புறம் உள்ளே போகும். அன்றிலிருந்து இலை மாட்டவேயில்லை.

திருவிழாவில் 'கண்டுபிடித்தவர் பெரியநாயகம்' என்று பெரிதாகப் பலகை எழுதி வைத்தேன். நீ வராதது அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முப்பத்தொன்றில் சீப்பை எழுதக் கை வரவில்லை. எழுதினால் நீ கேட்பாய், கேட்டால் சொல்ல வேண்டும். உன் கையைப் பற்றி நான் அப்படிக் கத்தியதும் இதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. உன்னைக் குறைத்துச் சொன்னால் என் குற்றம் குறையும் என்று நினைத்தேன் போல.

மன்னித்துவிடு.

அண்ணன்


தைப்பிங்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணே,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், பிறகு நூலகத்துக்கு ஓடினேன். இரண்டையும் ஒரே நாளில் செய்தேன்.

நான் சொன்னதா அது? சத்தியமாக நினைவில்லை. டீ குடித்தது நினைவிருக்கிறது, கேக் கொஞ்சம் வறண்டிருந்ததும் நினைவிருக்கிறது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போன நான் எதைக் கண்டுபிடித்தேன்? வெல்டிங் அடித்து ஓட வைத்தது நீங்கள்.

இனி நல்ல சேதி. நான்கு நாள் தேடினேன். சீப்பு வைத்த கூண்டுகள் இருக்கின்றன, ஆனால் எல்லாவற்றிலும் பற்கள் ஒரே நீளம். குட்டையில் தொடங்கி நீளமாகும் பற்கள், நுனியிலிருந்து உள்ளே போகும் வரிசை, எங்கேயும் இல்லை. காப்புரிமை அலுவலகப் பெண்ணிடமும் போனில் கேட்டேன். கிடைக்கும் கிடைக்காது என்று அவள் வாக்குத் தர முடியாது, ஆனால் "நல்ல தெளிவான ஒரு கோரிக்கை, ஆன்ட்டி" என்றாள். நாற்காலியில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது அண்ணே. கோழிக் கூட்டுக்குப் பின்னாலிருந்து மெஷினை எடுத்துக் காளியம்மாவிடம் கொடுங்கள்.

கோரிக்கையை இப்படி எழுதியிருக்கிறேன், தமிழில் சொன்னால்: 'உதிரிக் கொட்டை பொறுக்கும் உருளும் கம்பிக் கூண்டின் பின்புறம், குட்டையில் தொடங்கிப் படிப்படியாக நீளும் பற்களையுடைய சீப்பு ஒன்று பொருத்தப்பட்டு, கூண்டு சுழலும்போது சிக்கிய இலைகளை நுனியிலிருந்து உள்நோக்கிக் கழற்றும் கருவி.' ஒரு கோரிக்கை, மூன்று படம். படத்தை நீங்கள் உங்கள் கையாலேயே வரைந்து அனுப்புங்கள், அதற்கும் ஆள் வைத்தால் காசு.

கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். அதுவே இருக்கட்டும்.

கையெழுத்து ஏன் போடவில்லை என்று நீங்கள் ஒருமுறையும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பணத்தாசை என்று நினைத்திருப்பீர்கள். எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. இங்கே வாடகை வீடு. கடைசிக் காலத்தில் போய் நிற்க அந்த வீடு ஒன்றுதான் இருக்கிறது. அது வங்கிக்குப் போனால், 'அண்ணன் வீட்டுக்குப் போறேன்' என்று நான் யாரிடம் சொல்ல முடியும்? அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

உங்கள்,
ட்ரூடி


செமோர்
11 மே 2025

ட்ரூடி,

இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார். நீ கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிய வங்கிப் பாரம்தான். கெட்டியான காகிதம், வீணாக்க மனம் வரவில்லை. செலவைக் குறைக்க உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஏஜென்டிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பயந்துகொண்டேதான் போனேன், நல்ல மனுஷன். "தங்கச்சி ஒழுங்கா தேடியிருக்காங்க அங்கிள். எங்க ஆளுங்ககூட இவ்வளவு பொறுமையா தேடமாட்டாங்க" என்று சிரித்தார். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

நீ எப்படி வீட்டை நினைத்துப் பயந்தாய் என்று படித்தபோது பமேலா எழுந்து பின்னறைக்குப் போனாள். அங்கிருந்த என் இரும்புச் சாமானை எல்லாம் முற்றத்தில் எடுத்து வைத்துவிட்டாள். "இது ட்ரூடி ரூம். இனிமே இங்க ஒரு ஆணிகூட வைக்கக்கூடாது" என்று எனக்கு உத்தரவு. சன்னலுக்கு இந்த வாரம் புதுக் கம்பி அடிக்கிறேன்.

மூன்று படமும் வரைந்து வைத்திருக்கிறேன். சீப்பை மட்டும் நாலு முறை வரைந்தேன், பற்கள் சரியாக வர வேண்டுமே. விண்ணப்பத்திலும் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். யார் உண்மையில் கண்டுபிடித்தாரோ அவர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று நீயே எழுதினாய். கண்டுபிடித்தவர்: கெர்ட்ரூட், பெரியநாயகம். உன் பெயர் முன்னால். மறுக்காதே, வரைந்த படத்தைக் கிழித்துவிடுவேன்.

மறுபடியும் உன்னிடம் ஒரு கையெழுத்துதான் கேட்கிறேன். பென்சிலால் குறி போட்டிருக்கிறேன், பார்.

அண்ணன்


தைப்பிங்
18 ஜூன் 2025

அன்புள்ள அண்ணே, அண்ணி,

போட்டாயிற்று. நேற்று முன்தினம், ஜூன் பதினாறு, திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. கெடுவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பரிசோதனை முடிந்து சான்றிதழ் வர நாளாகும், வராமலும் போகலாம். ஆனால் தேதி நம்முடையது. அந்தப் பெரிய கார்க்காரன் இனி நாளைக்கே விண்ணப்பம் போட்டாலும் நமக்குப் பின்னால்தான்.

மொத்தச் செலவைப் பட்டியல் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. அதில் கடைசி வரியைப் பார்த்துவிட்டு நீங்கள் என்னைக் கேலி செய்வீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

இணையத்தில் போட்டிருந்தால் கட்டணம் இன்னும் கொஞ்சம் குறைவு, வீட்டிலிருந்தே முடிந்திருக்கும். மார்ச்சிலிருந்து ஒவ்வொரு ரிங்கிட்டாக உங்களிடம் சண்டை போட்டுக் குறைத்தவள் நான். அப்படிப்பட்டவள் விடியற்காலை ரயில் பிடித்துக் கோலாலம்பூர் போய் கவுண்டரில் போட்டேன். டிக்கெட், கவுண்டர் கட்டணம், ஸ்டேஷனில் ஒரு ரொட்டி சானாய், எல்லாம் அந்த வரியில் இருக்கிறது.

கவுண்டரில் இருந்த பெண் காகிதங்களைச் சரிபார்த்தாள். உங்கள் படத்தைப் பார்த்து, "இந்தச் சீப்பு யார் யோசனை ஆன்ட்டி?" என்று கேட்டாள். பிறகு அவளே பெயர் எழுதிய இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் இழுப்பறையைத் திறந்து சாப்பாவை எடுத்து, மையில் ஒற்றி, நம் நகலின் மேல் ஓங்கி ஒரு குத்து குத்தினாள். அந்தச் சத்தம் எனக்குப் பழகிய சத்தம்தான்.

முப்பத்து நான்கு வருஷம் அடுத்தவர் பெயருக்கு நான் சாப்பா அடித்தேன் அண்ணே. என் பெயருக்கு ஒருத்தி அடித்ததை நேற்று முன்தினம்தான் பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் போனேன். அந்த ஒரு செலவை மட்டும் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

நகலை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். போன் அடியுங்கள், எடுக்கிறேன்.

ட்ரூடி